பதின்மூன்றாவது கல்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். பத்து வருஷம் கிணற்றின் அடியில் கிடக்கும், மேலே தூக்கி இரண்டாக உடைத்தால் உள்ளே பொட்டு ஈரம் இருக்காது. அது என்ன?

கல் என்று சொல்லிவிட்டீர்கள், சரிதான். ஆனால் ஆனைப்பாறை என்ற ஊருக்குப் போனால் இதைக் கேட்டுவிடாதீர்கள். அங்கே பெரியவர்கள் விடை சொல்ல மாட்டார்கள், சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள்.

அந்த ஊரில் காளவாய்த் தெரு, கிட்டங்கித் தெரு என்று இரண்டு தெருக்கள், நடுவில் ஒரு மைதானம், மைதானத்து ஓரத்தில் ரயில் பாதைக்காகக் கொட்டி வைத்த கருங்கல் குவியல். ஒரு பங்குனி மாதம், கபடிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், காளவாய்த் தெரு இசக்கிராஜா பாடிக்கொண்டே போய் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றினான். அந்த நேரத்தில் அவனுடைய மற்றொரு கால் தரையை விட்டு எழும்பியிருந்ததா இல்லையா என்று ஒரு கேள்வி வந்தது; எழும்பியிருந்தால்தான் போனஸ் புள்ளி. எழும்பியிருந்தது என்றது ஒரு தெரு, ஒட்டித்தான் இருந்தது என்றது மறு தெரு. அவன் கால் விரலுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்ததோ இல்லையோ தெரியாத அந்த நூலளவு இடைவெளிக்காக அன்று சாயங்காலம் நான்கு பற்கள் போயின, மறுநாள் இரண்டு மண்டைகளும் ஒரு முழங்கையும் உடைந்தன, கிட்டங்கித் தெருவில் ஓர் ஆட்டோ எரிந்தது, காளவாய்த் தெருவில் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் ஓடு உடைந்து விழுந்தது, இரண்டு தெருப் பெண்களும் தங்கள் பிள்ளைகளின் தலைமுடிக்குள்ளிருந்து கண்ணாடிச் சில்லுகளைப் பேன் பார்ப்பதுபோல எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், இரண்டு தெருவையும் சேராத ரொட்டிக்காரர் தங்கப்பழம், தனக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்ற நம்பிக்கையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டே மைதானத்து முனைக்கு வந்தார். உரிக்காத தேங்காய் அளவுள்ள ஒரு கல் மேலேயிருந்து வந்து அவர் தலையில் இறங்கியது. சைக்கிள் அவர் இல்லாமலே நான்கடி ஓடிவிட்டுச் சாய்ந்தது. பன்கள் உருண்டன. எறிந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே கையை இறக்கினார்கள். அந்தப் பக்கமிருந்துதான் வந்தது என்று இந்தப் பக்கமும், இந்தப் பக்கமிருந்துதான் வந்தது என்று அந்தப் பக்கமும் சொல்ல, சண்டை முடிந்தது. போலீஸ்காரர்கள் வந்து அவர் பக்கத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லை எடுத்துத் துணியில் சுற்றி, அரக்கு வைத்துக் கொண்டுபோனார்கள்.

நான்காம் நாள் காலை, ஊரடங்கு போட்டிருந்த தெருவில், பதினோரு வயது நாச்சியார் ஒரு வாளியோடு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாச்சியார், கிட்டங்கித் தெரு முனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் உச்சிமாகாளியின் ஒரே மகள். அவளிடம் இரண்டடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று ஒரு வருஷமாகச் சும்மா இருந்தது. மீன் வாங்கி விட அவளுக்கு அவசரமில்லை. தண்ணீருக்கு அடியில் மலையும் புல்வெளியும் செய்ய வேண்டும், கல்லாலேயே செய்ய வேண்டும், கட்டையோ பொம்மையோ கூடாது என்று இருந்தாள். எல்லாக் கல்லும் ஒரே ஜாதிக் கல்லாக இருக்க வேண்டும், அதன் வரிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் போனில் படம் பார்த்துப் பார்த்து மனப்பாடம். கிடைக்காமல் இருந்தது கல் மட்டும்தான். இப்போது பார்த்தால் தெரு முழுக்க ஒரே ஜாதிக் கருங்கல்.

அவளுடைய அம்மா சண்முகவடிவு வாசலிலேயே வாளியை மறித்தாள். “ஏட்டி, ஊரே கல்லெறிஞ்சு செத்துக் கெடக்கு, நீ அதப் பொறுக்கியாந்து வீட்டுக்குள்ள வைக்கியா?”

“எறிஞ்சு முடிச்சிட்டாங்கல்லாம்மா. இனி சும்மாதான கெடக்கும்?”

ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை அவள் ஒவ்வொரு கல்லிலும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்துள்ள கல், தண்ணீரைக் கெடுத்துவிடும், செடி நிற்காது. ஒன்றும் நுரைக்கவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் தண்ணீர் தொடாமல் தேய்த்தாள். இரண்டு கல்லில் முடி ஒட்டியிருந்தது, அதைப் பொறுமையாகப் பிரித்தெடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் தேய்த்தாள். பன்னிரண்டு கல் தேறின. தொட்டியில் மண்ணை முன்னால் தாழ்வாகவும் பின்னால் மேடாகவும் பரப்பி, மூன்று நாள் கல்லை வைத்தும் எடுத்தும் பார்த்தாள். எல்லாக் கல்லும் சாய்ந்து பார்க்கிற மாதிரி தலைக்கல் ஒன்று வேண்டும், அது கிடைக்கவில்லை. அதற்கு ஓரிடத்தைக் காலியாக விட்டாள். பிறகு தரையோடு படரும் புல்செடியை நகக்கண் அளவு துண்டுகளாக வெட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் செருகினாள். நானூறுக்கு மேல் துண்டுகள், நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை, மண் கலங்காமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் நூல் போலத் தண்ணீரை விட்டாள்.

தண்ணீர் முதல் கல்லை மூடியதும், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் நான்கு பேருடைய வலது கையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. வேர்வை இல்லை, குளத்துத் தண்ணீர் மாதிரி சில்லென்று, லேசான பாசி வாசனையோடு, விரல் நுனி ஐந்திலும் சொட்டியது. துடைத்தால் மறுபடியும் வந்தது. அடுத்த கல் மூழ்கியபோது முடிதிருத்தும் கடையில் ஒருவருக்கும், பால் சொசைட்டியில் இருவருக்கும், காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர் ஒருவருக்கும் சொட்டியது. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு கல்லும் மூழ்கின, அறுபத்து மூன்று கைகள் சொட்டின. ஒருவன் எறிந்த கல்லை எதிர்ப் பக்கத்துக்காரன் எடுத்துத் திருப்பி எறிந்து, அதை இவன் எடுத்து மறுபடியும் எறிந்து, ஒவ்வொரு கல்லும் மூன்று நாளில் ஐந்தாறு கை மாறியிருந்தது. அதனால் இரண்டு தெருவிலும் சொட்டியது.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. நாச்சியார் ஒரு கல்லை நேராக்குவதற்காக வெளியே எடுத்ததும் நான்கு பேர் தெருவில் “நின்னுட்டு, நின்னுட்டு!” என்று குதித்தார்கள். திருப்பி வைத்ததும் அழுதார்கள். அவ்வளவுதான், விஷயம் ஊருக்கு விளங்கியது.

விளங்கிய அன்றைக்கே ஈரக்கைக்காரர்கள் முப்பது பேர் கடப்பாரையோடு தொட்டியை உடைக்க வந்தார்கள். சண்முகவடிவு உலக்கையை எடுத்து முதல் ஆளின் முழங்காலில் போட்டாள், அது இளநீர் வெட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டது. இரண்டாவது ஆளை அவனுடைய சொந்த மனைவியே மயிரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, “எறியவே இல்லன்னு எம்புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியே, பாவி!” என்று மிதித்தாள். இரண்டு தெருப் பெண்களும் அன்றிலிருந்து முறைவைத்து நாச்சியார் வீட்டு வாசலில் அரிவாள்மணையோடு உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தபடியே கீரை ஆய்ந்தார்கள்.

முதல் வாரம் காய்ந்த கைக்காரர்கள் ஈரக்கைக்காரர்களைப் பிடித்துப் பிடித்து அடித்தார்கள். பலவேசம் என்ற மர வியாபாரி கையைச் சூடான தோசைக்கல்லில் வைத்து அழுத்தினான். தோல் வெந்து உரிந்ததே தவிர, கல்லின் மேல் தண்ணீர் சொய்யென்று கொதித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவன் அரிவாளால் இரண்டு விரலை வெட்டிச் சாக்கடையில் போட்டான். வெட்டிய இடமும் சொட்டியது, சாக்கடைக்குள் கிடந்த விரல்களும் சொட்டின. அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் வெட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து ஊர் பழகிக்கொண்டது. எறிந்தவர்கள் தோளில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டார்கள், ஒன்று நனைய, ஒன்று காய. ரேஷன் கடைக் கைரேகை இயந்திரம் அவர்கள் விரலை ஏற்காததால் மனைவிமார்கள் வரிசையில் நின்றார்கள். கோயிலில் திருநீறு குழைந்தது, கணக்கு வாத்தியார் கையில் சாக்பீஸ் கரைந்தது, பெண் பார்க்க வருகிறவர்களை முதலில் கையை நீட்டச் சொன்னார்கள். டீக்கடை பெஞ்சுக்குக் கீழே கை தொங்குகிற இடமெல்லாம் அறுகம்புல் முளைத்து, கடைக்காரர் வாரம் ஒருமுறை ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார். கபடியை மட்டும் விட்டுவிட்டார்கள். யாரைப் பிடித்தாலும் வழுக்கியது.

நாச்சியாரின் அப்பா உச்சிமாகாளியின் கைகள் காய்ந்தே இருந்தன. கிட்டங்கித் தெருவில் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் அப்படிப்பட்ட கைகள் எண்ணினால் ஏழோ எட்டோதான். அதனால் அவர் ‘எறியாத அண்ணாச்சி’ ஆனார். இரண்டு தெருவும் சேர்ந்து சமாதானக் கூட்டம் போட்டபோது அவரைத்தான் நடுவில் உட்கார வைத்தார்கள். தங்கப்பழத்தைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை என்ற பேச்சு வந்தபோது, அவர்தான் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, “எறிஞ்ச கைய மணிக்கட்டோட எடுத்துரணும் வே,” என்றார். கூட்டம் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது; பாதி கைதட்டல் சளப்சளப்பென்று கேட்டது. வெட்டுவதற்கான அரிவாளை அவருடைய பட்டறையில்தான் தீட்டினார்கள். அந்தக் கல் அரக்கு வைத்துப் போலீஸ் ஸ்டேஷன் பெட்டியில் இருக்கிறது, அது தண்ணீரைப் பார்க்கப் போவதில்லை என்று அவர் நினைத்திருந்தார்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, தங்கப்பழத்தின் மனைவி ஞானப்பூ ஒரு சாக்குப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் காவல் இருந்த பெண்கள் வழிவிட்டார்கள்.

“நாச்சியா, இதையும் உள்ள போடு தாயி.”

பைக்குள் தேங்காயளவுக் கருங்கல் இருந்தது. ஒரு பக்கம் கறுத்துக் காய்ந்திருந்தது.

“போலீஸு எடுத்துட்டுப் போச்சே அத்தை?”

“அவங்க எடுத்தது பக்கத்துல கெடந்த கல்ல. இத நான் மடியில கட்டிக்கிட்டேன். ரெண்டு மாசமா எங்கூடதான் கெடக்கு. யாருன்னு இதுகிட்ட கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கு. நீயாவது கேட்டுச் சொல்லு.”

நாச்சியார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரிகள் மற்ற பன்னிரண்டு கல்லைப் போலவே சாய்வாக ஓடின. உச்சி ஒரு பக்கம் ஒடிந்து, அசல் மலை மாதிரியே இருந்தது. இத்தனை நாளாக அவள் தொட்டி தலையில்லாமல் இருந்தது.

“உடனே போடக் கூடாது அத்தை. இதுல ரத்தம் காஞ்சிருக்கு, ஒரு நாளாவது வாளித் தண்ணியில ஊறணும். நாளைக்குப் போடுதேன்.”

“ஆகட்டும். நாளைக்குப் பதினொரு மணிக்கு ஊரக் கூட்டிட்டு வாரேன்.”

நாச்சியார் கொல்லையில் வைத்து வினிகர் விட்டுப் பார்த்தாள். நுரைக்கவில்லை. வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கல்லை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் சோறு மிதந்தது. அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். பத்து விரலிலிருந்தும் தண்ணீர் தாரையாக இறங்கி, முழங்கை வழியாக வேட்டியை நனைத்து, தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கல்லை ஒரு கையால் எறிய முடியாது. அம்மா குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

நாச்சியார் திரும்பிப் போய்க் கல்லை வெளியே எடுத்தாள். வந்து பார்த்தாள். கைகள் காய்ந்திருந்தன. அம்மா தரையைத் துடைத்தாள்.

வெகுநேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். “நாச்சியா, இங்க வா. நாளைக்கு அந்தக் கல்லு நுரைக்குதுன்னு சொல்லு. உள்ள போட்டா செடியெல்லாம் செத்துரும்னு சொல்லு. கல்லு விஷயத்துல நீ சொன்னா ஊரு கேக்கும்.”

“நுரைக்கலையேப்பா.”

“தெரியும்ட்டி. அப்படிச் சொல்லுன்னுதான் சொல்லுதேன்.”

“நீங்க ஏன் எறிஞ்சீங்க?”

“இசக்கிராஜாவப் பாத்து எறிஞ்சேன். கீழ நின்னுக்கிட்டு நம்ம பட்டறை மாடியப் பாத்துத் தொடையத் தட்டிச் சிரிச்சான். ஒரே ஒரு கல்லுதான். மூணு நாளா எல்லாவனும் எறிஞ்சான், நான் எறிஞ்சது ஒண்ணே ஒண்ணு. தங்கப்பழம் எங்கேருந்து வந்தான்னே தெரியல.”

“இசக்கிராஜா மேலயே விழுந்திருந்தா?”

அப்பா காய்ந்த கையை வேட்டியில் துடைத்தார். அம்மாதான் சொன்னாள். “கையில்லாத லேத்துக்காரன வச்சுக்கிட்டு நான் என்னட்டி செய்ய? இந்தத் தொட்டிக்காக நான்தான் உலக்கையத் தூக்கினேன். இப்ப நானே அத ஒடைக்கட்டா? வாசல்ல அத்தன பொம்பளைங்க இருக்காளுவளே, என்னன்னு சொல்லுவேன்?”

கல்லை உடைத்துவிடலாம் என்று உச்சிமாகாளி சம்மட்டியை எடுத்துக்கொண்டு கொல்லை வரைக்கும் போனார். சாக்கடையில் கிடந்த பலவேசத்தின் விரல்கள் ஞாபகம் வந்து, ஒவ்வொரு சில்லுக்கும் சொட்டினால் என்ன செய்வது என்று சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு தெருவும் வந்து நின்றன. கறிக்கடையிலிருந்து புளியங்கட்டையை உருட்டி வந்து வாசலுக்கு எதிரே போட்டார்கள். அதன் மேல் அரிவாள். இந்த இரண்டு மாதத்தில் வினிகர் சோதனை ஊருக்கே ஒரு சடங்காகியிருந்தது; கல்லைத் தாம்பாளத்தில் வைத்து வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். நாச்சியார் பாட்டிலைச் சாய்த்தாள்.

கல் நுரைத்தது. பொங்கி, வெள்ளையாக, சலசலவென்று சத்தத்தோடு தாம்பாளம் வரைக்கும் வழிந்தது.

கூட்டம் ஒரே மூச்சாக ‘அடடா’ என்றது. சண்முகவடிவு சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். ஞானப்பூ சேலை முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கினாள்.

“கல்லு சரியில்லையாம். இனி எப்படிக் கண்டுபிடிக்க?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“கண்டுபிடிக்க என்னல இருக்கு? கொன்ன கல்லு இன்னும் தண்ணிக்குள்ள போகல. அப்ப கொன்னவன் கை காஞ்சுதான இருக்கும்? காஞ்ச கை யாரு யாருன்னு பாருங்க!”

காய்ந்த கை கொஞ்சம் பேருக்குத்தான் இருந்தது. உச்சிமாகாளி எறியாத அண்ணாச்சி, அவரை யாரும் நினைக்கக்கூட இல்லை. எல்லாருடைய கண்ணும் காய்ந்த கையோடு நின்ற இசக்கிராஜாவின் மேல் போய் நின்றது. எந்தக் காலால் இவ்வளவும் தொடங்கியதோ அந்தக் காலுக்குச் சொந்தக்காரன். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தெருவுக்கும் நடுவில் நூலளவு இடைவெளியும் இல்லை.

“நான் ஆடத்தானல செஞ்சேன்! ஒரு கல்லு தொடல, என் அம்மை மேல சத்தியமா!”

முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பற்களோடு சத்தியமும் வெளியே வந்து விழுந்தது. ஆறு பேர் அவனைத் தூக்கிக் கட்டைக்குப் பக்கத்தில் போட்டார்கள். ஈரக்கைகள் வழுக்கின, அவன் திமிறித் திமிறி இரண்டு முறை நழுவினான், மூன்றாவது முறை துண்டைச் சுற்றிப் பிடித்தார்கள். ஒருவன் அவன் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினான். விலா எலும்பு ஒன்று ஒடிகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. வலது கையை நீட்டிக் கட்டையில் வைத்தார்கள்.

உச்சிமாகாளி வாசல்படியில் நின்று, “யோசிச்சுச் செய்யுங்கப்பா,” என்றார். அவர் பக்கத்தில் நின்றவருக்கே அது கேட்கவில்லை.

நாச்சியார் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நுரை அடங்கிய இடத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். ஆப்பத்துக்குப் போடுகிற சோடா உப்பு. அவள் சொம்புத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றிக் கழுவினாள். அந்த நேரத்துக்கு மட்டும் உச்சிமாகாளியின் உள்ளங்கைகளில் முத்து முத்தாக நீர் அரும்பி, நின்றுபோனது. அவர் குனிந்து கையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் மறுபடியும் வினிகர் விட்டாள். வினிகர் வெறுமனே வழிந்து ஓடியது. அதை அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரிவாளை எடுத்தவனின் கை ஈரமாக இருந்ததால், அவன் பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நாச்சியா,” என்றார் உச்சிமாகாளி.

அவள் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் படியிலிருந்து நகரவில்லை. பக்கவாட்டில் இருந்த இடைவெளியில் அவள் நுழைந்து உள்ளே போனாள். தொட்டியின் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள்.

கல்லைத் தண்ணீருக்குள் வைத்தாள்.